இரண்டு பக்கமும் திறந்த ஜன்னல்

7

ஸ்மில்யா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மெழுகுவத்தியை மேல் தட்டில் ஏற்றுவதா, கீழ்த் தட்டில் ஏற்றுவதா?

எங்கள் தேவாலயங்களில் மணல் நிரப்பிய தட்டு இரண்டு இருக்கும். மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு போய்ச் சேர்ந்தவர்களுக்கு. ஸ்மில்யாவின் தம்பி ஓப்ரென் காணாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் அவள் போவாள், ஒரு மெழுகுவத்தியோடு அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நிற்பாள், ஏற்றாமலே கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவாள்.

"தேடிக் கூட்டிட்டு வாங்கன்னு கேக்கல சார். மேலயா, கீழயா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் சொன்னாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. பல் பிடுங்கப் போட்ட மருந்து முகத்தை விட்டு இறங்காதவள் மாதிரி இருந்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எனக்கு வாய் மரத்துப் போவதில்லை, அதுதான் என் பிழைப்பு.

பாஸ் திஹோமிர் அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பொஜாரெவாட்ஸ் ஊர்க் காவல் நிலையத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் யாத்ரங்கா, அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் சந்தையில் திருட்டு கேம் சிடி விற்றேன். பக்கத்துக் கடை ஓப்ரெனுடையது. டிவியில் சொருகி கேம் ஆடுகிற பெட்டிக்குள், அதாவது கன்சோலுக்குள், ஒரு சின்ன சிப்பை வைத்துப் பற்றவைப்பான். அதன் பிறகு அந்தப் பெட்டி திருட்டு சிடியையும் மறுபேச்சில்லாமல் ஓட்டும். அவன் பூட்டைத் திறந்து விடுவான், நான் உள்ளே போக டிக்கெட் விற்பேன். நல்ல கூட்டணி.

மேஜையில் அப்படி ஒரு கன்சோல்தான் இருந்தது.

"இது எப்ப வந்தது?" என்றார் பாஸ்.

"போன வாரம். வியன்னா பஸ்ஸுல வந்தது. இதுக்கு முன்னாலயும் வந்திருக்கு. அதோ அலமாரி மேல அடுக்கி வெச்சிருக்கேன். பார்சல்ல என் பேரு மட்டும்தான் இருக்கும். கடுதாசி கிடையாது."

"யாரு கொண்டு வர்றாங்க?"

"டிரைவர் வெலிமிர். தம்பிக்கு வியன்னாவுல இருந்து சிப் வாங்கிட்டு வந்து குடுத்தவரே அவர்தான். கடையில உக்காந்து மணிக்கணக்கா பேசிட்டிருப்பாரு. யாரு குடுத்தாங்கண்ணேன்னு கேட்டேன். யாரோ ஒரு பையன் பஸ் ஸ்டாண்டுல குடுத்தான்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

ஸ்மில்யா யோசித்தாள். "கேட்டா சொல்லிருவாரோன்னு."

பாஸ் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "யாத்ரங்கா, இதத் திற."

"எனக்கு விக்கத்தான் தெரியும் பாஸ். திறக்கத் தெரியாது."

"பத்து வருஷம் அவன் பக்கத்துல உக்காந்திருந்தியே. காதுல ஒண்ணும் விழலையா?"

விழாமல் எங்கே போவது! ஓப்ரெனுக்கு ஒரு வியாதி உண்டு. சிப் போடக் காசில்லாமல், "அண்ணே, நானே வீட்டுல போட்டுக்கலாமா?" என்று எவன் வந்து நின்றாலும் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துப் பாடம் எடுப்பான். அதுவும் இலவசமாக. கேட்ட பாதிப்பேர் பெட்டியைப் பொசுக்கிவிட்டு அவனிடமே திரும்பி வருவார்கள், அது வேறு கதை. அந்தப் பாடத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்டவள் நான். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

ஸ்மில்யா ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்தாள்.

"மொதல்ல பிளக்கைப் புடுங்கு," என்று ஓப்ரெனின் மூக்கடைத்த குரலில் ஆரம்பித்தேன். "புடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கு. உள்ள மிச்சம் மீதி கரண்ட் இருந்தா வடியட்டும். வடியாத கரண்ட் மாமியாரு மாதிரி, சத்தமில்லாம உக்காந்திருக்கும்."

பாஸ் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டாவது. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில பெட்டிய வரைஞ்சு, எந்த ஓட்டையில எடுத்தியோ அதே எடத்துல குத்தி வை. குட்டை எடத்துல நெட்டையப் போட்டா போர்டைத் துளைச்சிரும்."

மூடி கழன்றது. பச்சை போர்டும் அதன் மூலையில் நகத்தளவு சிப்பும் தெரிந்தன. சிப்பிலிருந்து மெல்லிய வயர்கள் கிளம்பி அங்கங்கே இறங்கியிருந்தன.

"மேல சொல்லு," என்றார் பாஸ். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சால்ட்ரிங் அயனை அரை மூச்சுக்கு மேல வைக்காத. வயரை ரொம்ப இழுத்துக் கட்டாத, கொஞ்சம் தொளதொளன்னு விடு. அது ஆடாம இருக்க ஒரு சொட்டு பசை வை. சிப்புக்கு அடியில டேப் ஒட்டு, தகரத்துல பட்டா செத்துரும். மூடுறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாரு. கடைசியா..."

பாதியில் நிறுத்திவிட்டேன். நான் சொல்லச் சொல்ல, சொன்னதெல்லாம் எதிரே அப்படியே இருந்தது. வயர்கள் கொஞ்சம் நீளமாக, தொளதொளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுப் பசை. சிப்புக்கு அடியில் டேப்.

"எல்லாம் சரியா இருக்குல்ல?" என்றாள் ஸ்மில்யா. "அவன் சொன்ன மாதிரியே இருக்குல்ல?"

"அதான்க்கா தப்பு," என்றேன். "சொன்ன மாதிரியே இருக்கு."

பாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ், அவன் சொன்னதுல ஒண்ணையாவது அவன் செஞ்சு நான் பாத்ததில்ல. பிளக்கைப் புடுங்க மாட்டான். ஸ்க்ரூவை எல்லாம் ஒண்ணா காபி சாஸர்ல கொட்டி வெப்பான். வயரு கண்ணிமை நீளம்தான் இருக்கும். பசையும் கிடையாது, டேப்பும் கிடையாது. 'பாடம் கத்துக்க வர்றவனுக்கு, எனக்கெதுக்கு?'ம்பான். இது ஓப்ரென் போட்ட சிப் இல்ல. ஓப்ரென் பேச்சைக் கேட்டவன் போட்ட சிப்."

அலமாரி மேலிருந்த மற்றவற்றையும் இறக்கித் திறந்தோம். முதலில் வந்த பெட்டி பார்க்கச் சகிக்கவில்லை. ஈயம் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக அப்பியிருந்தது. ஒரு இடத்தில் போர்டே கருகியிருந்தது. அடுத்தது பரவாயில்லை. அதற்கடுத்தது இன்னும் தேவலை.

"கை பழகுது," என்றார் பாஸ். "பத்து வருஷமா பழகின கை திரும்ப ஒண்ணாங் கிளாஸ் போகாது."

ஸ்மில்யா கைகளை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்போ கீழயா சார்?"

"இன்னும் இல்லம்மா. அங்க யாருக்காவது அவன் சொல்லிக் குடுத்துட்டு இருக்கலாம்."

"சரி," என்றாள்.

பாஸ் சிப்புக்கு அடியிலிருந்த டேப்பை நகத்தால் உரித்தெடுத்தார். எலக்ட்ரீஷியன்கள் ஒட்டுகிற கறுப்பு டேப் இல்லை அது. பழுப்பு நிறத்தில், தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

*

வெலிமிரின் பஸ் நிலையத்தின் பின்பக்கம் காலியாக நின்றிருந்தது. சாயங்காலம் வியன்னா கிளம்ப வேண்டிய வண்டி. பிப்ரவரி மாதக் குளிர், மூக்கு நுனி கழன்று விழுகிற மாதிரி இருந்தது. வெலிமிர் உள்ளே சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிற ஆள், நல்ல உருவம். முன்பு கடைக்கு வந்தால் அவர் சிரிப்பு சந்தை முழுக்கக் கேட்கும். இப்போது பாதி ஆளாக வற்றியிருந்தார்.

"வாங்க, வாங்க. யாத்ரங்கா, எப்படிம்மா இருக்க?"

ஏறின உடனே என் பிடரியில் சில்லென்று அறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரை மேல் உள்ள சின்னக் கதவு திறந்திருந்தது. டிரைவர் ஜன்னலும் திறந்திருந்தது. இந்தப் பக்கம் நுழைந்த காற்று அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அய்யோ, குறுக்குக் காத்து!" என்று கத்திவிட்டேன். "அண்ணே, என்ன வேலை இது? கழுத்து புடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு எனக்கு நீவி விடுவா? ஒண்ணையாவது சாத்துங்க!"

எங்கள் நாட்டில் பல்வலி, காதுவலி, பிள்ளையின் பரீட்சை மார்க்கு, எல்லாவற்றுக்கும் காரணம் குறுக்குக் காற்றுதான். ஆகஸ்டு வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்து சாவோமே தவிர, எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறக்க விடமாட்டோம். ஒரு கிழவி போதும், வண்டியையே நிறுத்திவிடுவாள்.

"இருக்கட்டும்மா," என்றார் வெலிமிர். சாத்தவில்லை.

பாஸைப் பார்த்தேன். குறுக்குக் காற்று என்றால் எங்கள் அலுவலகச் சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு அடைத்து வைக்கிற மனிதர். மஃப்ளர் இல்லாமல் ஜூன் மாதம் கூட வெளியே வரமாட்டார். அவர் போய்க் கூரைக் கதவுக்கு நேர் கீழே இருந்த சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார். நான் கழுத்துச் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அந்தப் பார்சலை யாரு குடுக்கறாங்க வெலிமிர்?" என்றார்.

"ஒரு பையன் சார். பேரு கேட்டுக்கறதில்ல."

"எப்படி இருப்பான்?"

"சாதாரணமா இருப்பான். தொப்பி போட்டிருப்பான்."

"ஒவ்வொரு தடவையும் அதே பையனா?"

"ஆமா சார்."

நான் சலித்துப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பாவாடையில் ஏதோ ஒட்டியது. எழுந்து பார்த்தால், சீட்டுக் கிழிசலை மூட ஒட்டியிருந்த டேப் உரிந்து என்னோடு வந்திருந்தது. பழுப்பு நிறம், தோல் மாதிரி சொரசொரப்பு. இழுத்து எடுத்துப் பாஸிடம் நீட்டினேன். பாஸ் தன் பையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

வெலிமிர் இரண்டையும் பார்த்தார். கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"காபி மெஷினுக்கு இங்க பிளக் பாயின்ட் இருக்கு," என்றார் பாஸ். "வியன்னாவுல வண்டி நிக்கிற நேரத்துல ஒரு சால்ட்ரிங் அயனைச் சொருகிக்கலாம். பழைய பெட்டி அங்க சந்தையில சல்லிசா கெடைக்கும். சிப்பு எங்க கெடைக்கும்னு உங்களுக்குத் தெரியும். பாடம் ஓப்ரென் கடையில உக்காந்து கேட்டது."

பாஸ் என் பக்கம் திரும்பினார்.

"யாத்ரங்கா, வீட்டுல நீ பாதியில நிறுத்தினியே. கடைசியா ஓப்ரென் என்ன சொல்லுவான்?"

இந்தத் தடவை என் குரலிலேயே சொன்னேன். "சால்ட்ரிங் பேஸ்ட் புகை நெஞ்சுக்கு ஆகாது. எதிரெதிர ரெண்டு ஜன்னலையும் திறந்து வை."

"யாராவது கேப்பாங்களா?"

"எவன் கேப்பான்? அதுக்கு மட்டும் எல்லாரும் சிரிப்பாங்க. அவன் மட்டும்தான் கடையில ரெண்டு பக்கமும் திறந்து வெப்பான். நான் அவனோட போடாத சண்டை இல்ல."

"இந்த நாட்டுல குறுக்குக் காத்தைக் கூப்பிட்டு உக்கார வெக்கிறவங்க ரெண்டு பேருதான் போல," என்றார் பாஸ். "ஒருத்தன் காணோம். இன்னொருத்தர் நீங்க. ஆனா இப்ப இங்க புகை இல்லையே வெலிமிர்? சால்ட்ரிங்கும் நடக்கல. பின்ன எதுக்குத் திறந்து வெச்சிருக்கீங்க?"

வெலிமிர் படியில் உட்கார்ந்துவிட்டார். பேச ஆரம்பித்தபோது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஸ்மில்யாவின் குரல் மாதிரியே இருந்தது.

"வீசா கேட்டான், குடுக்கல. திரும்பக் கேட்டான், குடுக்கல. அங்க ஒரு கடையில வேலை தயாரா இருக்குண்ணே, எப்படியாவது கூட்டிட்டுப் போங்கன்னான். அக்காகிட்ட போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கலாம்னான். கீழ சாமான் வெக்கிற எடத்துல படுக்க வெச்சேன். முன்னால பெட்டிய அடுக்கினேன். பார்டர் தாண்டினதும் மொத ஸ்டாப்புல எறக்கிடறதா பேச்சு. எப்பவும் ஒரு மணி நேரம் ஆகும் சார். அன்னிக்கு ஆகஸ்டு, லீவு முடிஞ்சு ஊரே திரும்பிப் போகுது. ராத்திரி போய் நின்ன வண்டி, விடிஞ்சு மத்தியானம் ஆகியும் நகரவே இல்ல. வெயிலு. பாட்டு போடுன்னு ஜனங்க சொன்னாங்க, போட்டேன்."

"தட்டினானா?" என்றார் பாஸ்.

"தட்டியிருக்கான். ஸ்டாப்புல திறந்தப்பதான் பாத்தேன், மூச்சு இல்ல. தகரம் வெளிப்பக்கமா புடைச்சு இருந்துச்சு. நான் கேக்கல. நல்லா சத்தமா வெச்சிருந்தேன்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எப்போதும் ஏதாவது வரும். வரவில்லை.

"பார்டர் தாண்டி ஒரு வேல மரத் தோப்பு இருக்கு. அன்னிக்கு ராத்திரி காலி வண்டியோட திரும்பி வரும்போது அங்கதான் பொதைச்சேன். ஒவ்வொரு டிரிப்பும் அங்க வண்டிய நிறுத்துவேன். சிகரெட்டுக்கு நிறுத்தறேன்னு நெனச்சுக்குவாங்க. அந்த அக்கா சர்ச்சுல மெழுகுவத்திய வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு நிக்கறதா ஊர்ல சொன்னாங்க. தாங்கல. அவன் கையால செஞ்ச மாதிரி ஒண்ணு வந்தா மேல ஏத்திருவாங்கன்னு நெனச்சேன். அவன் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. ஒண்ணு விடாம செஞ்சேன்."

கூரைக் கதவைப் பார்த்தார்.

"இதை மட்டும் சாத்தச் சொல்லாதீங்க. இந்த வண்டியில இனிமே சாத்த மாட்டேன். ஜனங்க திட்டறாங்க. திட்டட்டும்."

பாஸ் எழுந்து மஃப்ளரைச் சரி செய்தார். "போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போகணும் வெலிமிர். அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தைதான் சொல்லுவேன். மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்."

*

பாஸ் அந்த ஒரு வார்த்தையை வாசலிலேயே சொன்னார். "கீழம்மா."

"சரி," என்றாள் ஸ்மில்யா. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வெலிமிருக்கும் காபி போட்டாள். அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். பார்டரைச் சொன்னார், தோப்பைச் சொன்னார், பாட்டையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காத்து இல்லாமலா?"

"ஆமாம்மா. காத்து இல்லாம."

அவள் தலையாட்டிவிட்டு அந்தக் காபிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள். பாஸ் வெலிமிரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். என்னை அவளோடு இருக்கச் சொன்னார்.

"வா, போலாம்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. கோட்டை மாட்டிக்கொண்டாள்.

தேவாலயத்தில் மெழுகுவத்தி விற்கிற அம்மாளைத் தவிர யாரும் இல்லை. ஸ்மில்யா புதிதாக வாங்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் பழைய மெழுகுவத்தியை எடுத்தாள். பையின் சூட்டில் அது வளைந்து போயிருந்தது. நிமிர்த்தப் பார்த்தாள், நிமிரவில்லை. மேல் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து, பற்றவைத்து, கீழ்த் தட்டு மணலில் ஊன்றினாள். கூன் விழுந்த மாதிரி சாய்ந்து எரிந்தது.

எத்தனை தடவை அவன் கடை ஜன்னலை இழுத்துச் சாத்தியிருப்பேன், எத்தனை தடவை அவன் சிரித்துக்கொண்டே திறந்திருப்பான்.

நாங்கள் சாத்தாமல் வந்த வாசல் வழியாகக் காற்று வந்தது. சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. மெழுகுவத்தி அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கதவைச் சாத்துங்கம்மா! குளிர்ல செத்துருவோம்!"

"சாத்தாதீங்க," என்றாள் ஸ்மில்யா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். "தயவு செஞ்சு சாத்தாதீங்க. அவனுக்குக் காத்து வேணும்."

அந்த அம்மாள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். ஸ்மில்யா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழ ஆரம்பித்தாள்.

நான் என் கழுத்துச் சால்வையை அவள் மேல் போர்த்தினேன். அப்புறம் எதிர்ப்பக்கம் நடந்து போய், அங்கே இருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அதையும் நன்றாகத் திறந்து வைத்தேன்.